போனில் கேட்கக் கூடாத கேதம்

போன வாரம் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்த பெண். மாவட்ட மனநலக் குழுவில் சமூகப் பணியாளர். குரலில் ஒரே உற்சாகம். இனிமேல் வீடுகளுக்குப் போன் செய்து மனநல ஆலோசனை சொல்லும் வேலையைக் கம்ப்யூட்டர் குரலே செய்துவிடுமாம். அடுத்த பெருந்தொற்று வந்தாலும் கவலையில்லையாம். அதையொட்டி ஒரு மலர் போடுகிறார்கள், கொரோனா கால அனுபவத்தை நான் எழுதித் தர வேண்டும் என்றாள்.

"பாசிட்டிவா எழுதுங்க மேடம். படிக்கிறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரணும்."

"அந்தக் குரல் என்ன கேக்கும்?"

"அதே ஆறு கேள்விதான் மேடம். அப்ப நீங்கள்லாம் கேட்டீங்கள்ல, அதேதான்."

எனக்கு உச்சி சுட்டது. அந்த ஆறு கேள்விகள் செத்துப்போய்விட்டன என்றல்லவா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். சரி, எழுதித் தருகிறேன் என்றேன். பாசிட்டிவாக வருமா என்று மட்டும் உறுதி கொடுக்கவில்லை.

நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில் மனநலம் என்ற சொல்லே வெளியே புழங்காது. படித்து முடித்து வார்டில் பயிற்சி எடுத்த இரண்டு வருடங்களில் கற்றுக்கொண்டதில் இன்றைக்கும் கையில் இருப்பவை கொஞ்சம்தான். நாற்காலியை நோயாளிக்கு நேர் எதிரே போடாதே, சற்றுச் சாய்த்துப் போடு. 'ஏன்' என்று தொடங்கும் கேள்வியைக் கேட்காதே. கிராமத்தில் போய் மனசு சரியில்லையா என்று கேட்காதே, ராத்திரி தூங்குகிறீர்களா என்று கேள். மற்றதெல்லாம் மேலூருக்கும் திருமங்கலத்துக்கும் முகாம் முகாமாக அலைந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே கற்றது.

எங்கள் தலைவர் டாக்டர் பரமசிவம். சென்னையில் வளர்ந்தவர். எத்தனை வெயிலடித்தாலும் சட்டை மடிப்புக் கலையாது. நாங்கள் என்ன சொன்னாலும் கடைசி வரை கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்பார். அந்த 'அப்புறம்' இருக்கிறதே, அதற்குப் பயந்து நாங்கள் சொல்ல நினைக்காததையும் சொல்லிவிடுவோம். நோயாளிகளிடமும் அதே கதைதான். அவர் மருந்துச்சீட்டு எழுதும் நேரத்தைவிட அப்புறம் கேட்கும் நேரம்தான் அதிகம். யாரையும் அதட்ட மாட்டார், கடைநிலை ஊழியரைக்கூட நீங்க வாங்க என்றுதான் பேசுவார். ஆனால் விதி என்று ஒன்று வந்துவிட்டால் மனிதர் அசைய மாட்டார். கொரோனாவில் ஆறடி என்றால் அவருக்கு ஆறடிதான். ஐந்தரையில் நின்றால் ஒன்றும் சொல்லாமல் அவரே அரை அடி பின்னால் போவார். நமக்கு வெட்கமாகப் போய்விடும்.

இரண்டாம் அலை அடித்தபோது எங்களை ஒரு மாடி ஹாலில் உட்காரவைத்து ஆளுக்கொரு போனைக் கொடுத்தார்கள். தொற்று வந்த வீடுகள், சாவு விழுந்த வீடுகள், தகரம் அடித்து அடைத்த தெருக்கள் எல்லாவற்றுக்கும் போன் செய்ய வேண்டும். கையில் ஒரு தாள். வணக்கம், மனநல ஆலோசனை மையத்திலிருந்து பேசுகிறோம். தூக்கம் வருகிறதா? பசி எடுக்கிறதா? பயமாக இருக்கிறதா? படபடப்பு உண்டா? எதிலாவது ஆர்வம் இருக்கிறதா? வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றுகிறதா? ஆறும் கேட்டுவிட்டு, மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொல்ல வேண்டும். வரிசை மாறக் கூடாது. மேலிடத்தில் யாரோ ஏசி அறையில் உட்கார்ந்து எழுதியது.

முதல் வரியிலேயே பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். "நாங்க என்ன பைத்தியமா? ராங் நம்பரு." மீதிப் பேரிடம் கேள்விகள் போய்ச் சேரும் விதமே வேறு. கே.கே. நகரில் ஒரு அம்மாவிடம் பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். "பயமெல்லாம் இல்லம்மா. இந்த மனுசன் நாள் பூரா வீட்டுலயே இருக்காரு. காய்கறிய சோப்புப் போட்டுக் கழுவுறாரு, பேப்பர இஸ்திரி போட்டுத்தான் படிக்கிறாரு. அவர ஒரு ரெண்டு மணி நேரம் எங்கிட்டாச்சும் கூட்டிட்டுப் போக ஒங்க ஆபீசுல வசதி இருக்கா?" என்றார். தாளில் அதற்குப் பதில் இல்லை. மூச்சை இழுத்து விடுங்கள் என்றேன். "அதத்தான காலையில இருந்து செஞ்சுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

சுவாசிக்கவே முடியாமல் ஆட்கள் ஆஸ்பத்திரி வாசலில் கிடந்த நாட்களில், மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள் என்று ஊர் முழுக்கப் போன் போட்டுச் சொன்னவர்கள் நாங்கள். இதை டாக்டரிடம் சொல்லிச் சண்டை போட்டேன். "தாள் நம்ம எழுதினது இல்ல மேடம். ஆனா நம்ம கையில குடுத்துட்டாங்க. கேளுங்க" என்றார். எரிச்சலில் அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. அவர் அதையும் கவனித்து, "பசி எடுக்கிறதா?" என்று இரண்டாம் கேள்வியை என்னிடமே கேட்டார். அவர் வேடிக்கை பேசி நான் பார்த்தது அந்த ஒருதடவைதான்.

முத்தையா என்ற விவசாயியின் மகள் செல்வி எங்களைக் கூப்பிட்டது அலை ஓய்ந்து, பஸ்ஸெல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு. திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமம், பருத்தியும் சோளமும் போடுகிற குடும்பம். அம்மா பஞ்சவர்ணம் இரண்டாம் அலையில் மதுரையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அப்பாவுக்கும் அப்போது தொற்று. வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். இறந்த மனைவியின் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மின்மயானம்.

"அப்பா பேசவே மாட்டேங்குறாரு மேடம். என்னயப் பேரச் சொல்லிக்கூடக் கூப்பிடுறதில்ல. தட்டு வச்சா தள்ளி விட்டுடுறாரு. எந்திரிச்சா நேரா மோட்டார் ரூமுக்குப் போயி உக்காந்துக்கிடுறாரு. அங்க பருத்திக்கு அடிக்கிற மருந்தெல்லாம் இருக்கு."

மருந்தை முழுக்க அப்போதே எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொன்னேன். மோட்டார் ரூமுக்குப் பூட்டு, அவரைத் தனியாக விடவே கூடாது, நாளைக் காலை நாங்கள் வருகிறோம் என்றேன். பிறகு எங்கள் பழைய பதிவைத் தேடினால், முத்தையாவுக்கு நாங்கள் ஏற்கெனவே பலமுறை போன் செய்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் முதல் வரியிலேயே வைத்துவிட்டார். 'ஒத்துழைக்க மறுப்பு' என்று எழுதி மூடியாகிவிட்டது.

மறுநாள் டாக்டரும் நானும் போனோம். முகக்கவசம், அதற்கு மேல் கண்ணாடித் தகடு, கையுறை. முத்தையா முற்றத்தில் நார்க்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம், சட்டை தோளில் தொங்கியது. டாக்டர் நாற்காலியைச் சாய்த்துப் போட்டு, ஆறடி தள்ளி உட்கார்ந்து, ஆறு கேள்வியையும் கேட்டார். பதில் இல்லை. "அப்புறம்?" என்று காத்திருந்தார். அந்தப் பெயர்பெற்ற அப்புறம் அங்கே எடுபடவில்லை. தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் மாத்திரை எழுதி, செல்வியிடம் எப்படிக் கொடுப்பது என்று விளக்கினார். மாத்திரையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது இல்லாமல் அடுத்த இரண்டு வாரம் ஓடியிருக்காது.

கிளம்பும்போதுதான் முத்தையா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்து.

"நீங்கதான போன்ல பேசினது?"

"ஆமாண்ணே."

"சாவு விழுந்த வீட்டுல போன்லயா கேப்பாக?"

அவ்வளவுதான். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் என் வாய் நிற்கவில்லை. யார் மேல் கோபம் என்றுகூடத் தெரியவில்லை. டாக்டர் வழக்கம்போல் "அப்புறம்?" என்றார்.

"என்ன அப்புறம் சார். கேதத்தப் போன்ல கேட்டிருக்கோம். அதுவும் திரும்பத் திரும்ப. அந்த மனுசன் வையாம விட்டதே பெரிசு."

"கேதம்னா டெத்துதான? அதுக்கு என்ன ப்ரொசீஜர்?"

ப்ரொசீஜர் என்று கேட்டதில் எனக்கு இன்னும் ஏறியது. இருந்தாலும் சொன்னேன். சாவு கேள்விப்பட்டால் ஆள் நேரில் வர வேண்டும். ஆண்கள் வந்து வாய் திறக்காமல் இரண்டு கையையும் நீட்டுவார்கள்; துக்க வீட்டுக்காரர் அந்தக் கையைத் தொட வேண்டும். பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். செத்தது பெண் என்றால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை, அதாவது உடுத்தாத புதுச் சேலை, வந்தே ஆக வேண்டும். அது வராவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஆளே இல்லை என்று அர்த்தம். அன்றைக்கு வர முடியாதவர்கள் எத்தனை மாதம் கழித்தும் வந்து கேட்கலாம். ஆனால் கேட்காத வரைக்கும் அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது, நல்லது கெட்டது எதற்கும் வர முடியாது. போனில் கேட்பவனை ஊரில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள்.

மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்வதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார்.

"சேலை யார் கொண்டு வரணும்?"

"அந்தம்மா கூடப் பொறந்தவங்க. மேலூர்ப் பக்கம் ரெண்டு அண்ணன் இருக்காங்களாம். இதுவரைக்கும் வரலன்னு செல்வி சொல்லுச்சு."

"சரி. அவங்களுக்கு ஒரு போன் பண்ணுங்க."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். மனிதருக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. "ஓ. போகணும், இல்ல?" என்றார்.

மேலூருக்கு நான் மட்டும் போனேன். மூத்தவர் அழகு, நெல் வியாபாரம். இளையவர் கல் குவாரியில் லாரி ஓட்டுகிறார். நான் யார் என்று சொன்னதும் இளையவர் பின்கட்டுக்குப் போய்விட்டார். அழகு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது மேடம்? என் பேரனுக்குக் காதுகுத்துன்னு நாந்தான் கூப்பிட்டேன். வந்துட்டுப் போயித்தான தங்கச்சிக்குக் காச்சல் வந்துச்சு. அவ மூஞ்சியக்கூட எங்களப் பாக்க விடல. மாப்ளைக்கு எத்தன தடவ போன் போட்டேன் தெரியுமா? எடுக்கவே இல்ல. நம்ம மேல கோவமா இருக்காருன்னு விட்டுட்டோம். இப்பப் போயி, வாசல்ல வச்சு வெரட்டி விட்டாருன்னா?"

"போன்ல கேதம் கேக்கலாமாண்ணே? நீங்களே சொல்லுங்க."

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "ரோடெல்லாம் மறிச்சு வச்சிருந்தாங்க மேடம். போன விட்டா என்ன வழி?"

உள்ளேயிருந்து அவர் மனைவி ஒரு பையைக் கொண்டுவந்து காட்டினார். அரக்குக் கலர் சேலை. நாத்தனார் இறந்த அந்த வாரமே, கடையைப் பின்பக்கமாகத் திறக்கவைத்து வாங்கியதாம். பீரோவிலேயே கிடக்கிறது.

பாருங்கள் கூத்தை. இந்தப் பக்கம் சேலையை வாங்கி வைத்துக்கொண்டு, அவர் விரட்டுவார் என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கம், என் பெண்டாட்டிக்கு நாதியில்லையா என்று இன்னொருவர் நார்க்கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் இருப்பது ஒன்றரை மணி நேரப் பஸ். எனக்குத் தலையிலே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்றைக்கே கிளம்புங்கள் என்றால் கிளம்புவார்களா? பெண்கள் வராமல் கேதமா என்றார்கள். பெண்கள் வந்தால் வேன் வேண்டும். வேன் வந்தால் பங்காளி வீட்டை விட்டுவிட்டுப் போக முடியாது. அந்த வாரம் முழுக்க நான் தினமும் அழகுவிடம் போனில் கத்தினேன். டாக்டர் வேறு, ஐந்து பேருக்கு மேல் வரக் கூடாது, எல்லோருக்கும் முகக்கவசம், ஆறடி, தொடக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் நினைவுபடுத்தினார். நான் இரண்டு பக்கமும் சரி சரி என்றேன். இதற்கிடையில் செல்வி தினமும் கூப்பிடுவாள். அப்பா இன்றைக்கு ரெண்டு வாய் சாப்பிட்டார், இன்றைக்குச் சாப்பிடவில்லை, மோட்டார் ரூம் பூட்டை இழுத்துப் பார்த்தார். இவர்கள் வேன் பேசி முடிப்பதற்குள் அந்த மனிதர் இருப்பாரா என்பதுதான் எனக்கிருந்த ஒரே கேள்வி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், டாக்டரும் நானும் முத்தையா வீட்டில் காத்திருக்க, வந்தார்கள். ஐந்து பேர் இல்லை, ஒரு வேன் நிறைய. தெருமுனையிலேயே பெண்கள் இறங்கி, பஞ்சவர்ணத்தின் பேரைச் சொல்லி ஓலமிட்டுக்கொண்டே நடந்து வந்தார்கள். முகக்கவசமெல்லாம் தாடைக்குப் போய்விட்டது. டாக்டர் பதறி, "மேடம், அஞ்சு பேர்னுதான சொன்னோம்?" என்றார். "கேதத்துக்கு யாரும் எண்ணிக்கிட்டு வர மாட்டாங்க சார்" என்றேன். செல்வியை அவள் அத்தைமார் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதார்கள். முத்தையா கட்டிலை விட்டு அசையவில்லை.

அழகு சேலைப் பையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்து, இரண்டு கையையும் நீட்டினார்.

கூட வந்திருந்த கிராமச் செவிலியர் டாக்டரிடம் ஓடினார். "சார், தொடக் கூடாதுன்னு சொல்லுங்க சார். பிறகு என்னயத்தான் கேப்பாங்க."

டாக்டர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. "முடிஞ்சதும் எல்லாருக்கும் சானிடைசர் குடுத்துருங்க" என்றார்.

நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. முத்தையா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொடாமல் உள்ளே எழுந்து போய்விட்டால் எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள். அவர் மெதுவாக எழுந்தார். தொட்டார். தொட்டவர் கையை எடுக்கவில்லை.

"அவ கேட்டா மச்சான்."

குரல் தேய்ந்துபோயிருந்தது. பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள்.

"ஆஸ்பத்திரியில இருந்து நர்சம்மா வீடியோவுல காட்டுச்சு. மூக்குல கொழாயோட. அண்ணன் வந்துருச்சான்னு கேட்டா. நான் இங்கன தகரத்துக்குள்ள கெடக்கேன், யாரு வந்தா வரலன்னு எனக்கு என்ன தெரியும். வாசல்ல நிக்கிதுன்னு சொல்லிட்டேன். சரின்னு கண்ண மூடிக்கிட்டா. பெறகு பேசல. கடைசியா பொய்யச் சொல்லி அனுப்பிட்டேன் மச்சான். போன்ல ஒங்க பேரு வந்தா எடுக்கவே கை வரல."

அழகு அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"பொய் இல்ல மாப்ள. நின்னோம். நானும் தம்பியும். பைக்குல குறுக்குப் பாதையில வந்தோம். ஆஸ்பத்திரி முன்வாசல்ல போலீசு வெரட்டிருச்சு. பின்னால ஆக்சிசன் வண்டி வர்ற கேட்டுல போயி பொழுது அடையிற வரைக்கும் நின்னோம். அதச் சொல்லத்தான போன் போட்டேன். நீதான் எடுக்கல."

அத்தனை மாதம். ஆறு கேள்வி, அதற்குப் பதிவு, அதன் மேல் 'ஒத்துழைக்க மறுப்பு' என்று எங்கள் கையெழுத்து. அழ வேண்டிய இடம்தான், சுற்றிலும் எல்லோரும் அழுதார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இந்த ஒரு வார்த்தை மேலூரிலேயே கிடந்திருக்கிறது. இது தெரியாமல் ஒரு மனிதர் சாகவும் பார்த்தார்.

முத்தையா கையை விடவில்லை. "எந்தக் கேட்டு?" என்றார்.

"பச்சைக் கேட்டு மாப்ள. பக்கத்துல புளியமரம் நிக்கும்ல."

"எந்நேரம்?"

"சாயந்தரம். லேசாத் தூறுச்சு."

"ஆமா" என்றார் முத்தையா. "சாயந்தரந்தான் கேட்டா."

பிறகு கழுத்தை மட்டும் திருப்பி, "செல்வி, மாமாவுக்குத் தண்ணி கொண்டா" என்றார்.

அந்தப் பெண் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவர் மறுபடியும் ஒருதடவை அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது.